இருநூற்றுப் பன்னிரண்டு ஜன்னல்கள்

முதலில் உள்ளே கறுப்படிக்க வேண்டும் என்றாள் சுன்னிவா.
பெட்டியோடு வந்த தாளில் அது இல்லை.
வெள்ளை பிளாஸ்டிக்குக்கு ரகசியம் தங்காது.
டார்ச்சை மூடிய உள்ளங்கைபோல
உடம்பெல்லாம் கசிந்து காட்டிக்கொடுக்கும்.
ஆகவே கறுப்பு. காய்ந்தபின் இன்னொரு கறுப்பு.
அதன்மேல் வெள்ளி.
விளக்கு வைக்கிறேன் என்று உட்கார்ந்தவள்
முதல் வாரம் முழுக்க
இருட்டைத்தான் பூசிக்கொண்டிருந்தாள்.

வெளியே அதற்குப் பஞ்சமில்லை.
ஹம்மர்ஃபெஸ்டில் நவம்பரில் இறங்கிய சூரியன்
ஜனவரிக் கடைசியில்தான் தலைகாட்டும்.
நான் பகலில் தபால் போடுகிறவன்,
நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு.
அவள் இரவில் இழுவைக் கப்பலின் அடித்தட்டில்
இரண்டு எஞ்சின்களைக் காத்துக் கிடப்பவள்.
மாலை நான்கிலிருந்து ஒன்பதுவரை
எங்களுக்கு ஒரே மேசை.

அந்த மேசையில் மொரேனா ஒன்பது.
வால்நட்சத்திரங்களில் பனி வெட்டிவரும் சரக்குக்கலம்,
நூற்றெண்பத்தாறு துண்டுகளாய்ச்
சட்டங்களில் காய்த்துத் தொங்கியது.
நிஜத்தில் ஆயிரத்து நானூறில் ஒரு பங்கு.
அந்தக் கணக்கில் நான் கடுகைவிடச் சின்னவன்.
"என் தபால்பை?"
"கண்ணுக்கே தெரியாது."

முடியைவிடச் சற்றே தடித்த ட்ரில் ஊசி.
மூன்று முறிந்தன.
ஒரு துளைக்கு ஓர் ஒளியிழை,
தூண்டில் நரம்பு மாதிரி.
எல்லாம் வயிற்றுக்குள் கொத்தாய்ச் சேர்ந்து
ஐந்து எல்இடிகளின் முகத்தில் முடியும்.
ரெசிஸ்டர் மறந்ததில் முதல் எல்இடி
ஒரு நொடி நீலமாய்ச் சீறி,
கருகல் நாற்றம் விட்டுப் போய்ச்சேர்ந்தது.
நாலாயிரம் குதிரைகளை அடக்குகிறவள்
நகக்கண் அளவு வெளிச்சத்திடம் தோற்றதில்
எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்.
பழைய சுடர்களுக்குத் தூண்டுகோல் வேண்டியிருந்தது;
இதற்குக் கடிவாளம்.

எந்த ஜன்னலுக்கு என்ன நிறம் என்பதில் சண்டை.
எல்லாம் ஒரே வெள்ளையாய் வை என்றேன்.
ஆஸ்பத்திரி என்றாள்.
சாப்பாட்டுக்கூடத்துக்கு மஞ்சள்.
மாலுமிகள் உறங்கும் வரிசைக்கு மங்கிய மஞ்சள்.
எஞ்சின் அறைக்குச் சிவப்பு.
எஞ்சின் அறைக்கு ஜன்னல் ஏது என்று கேட்டேன்.
பதில் சொல்லாமல்
பின்புறம், உந்துகுழல்களுக்கு மேலே,
கணக்கில் இல்லாத ஒன்றைத் துளைத்தாள்.
இருநூற்றுப் பன்னிரண்டாவது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு
மேலோட்டையும் கீழோட்டையும் ஒட்டி,
துணி கிளிப்புகளால் இறுக்கி,
மறுநாள்வரை பொறுத்து,
ஒன்பது வோல்ட் பேட்டரியைத் தொட்டோம்.

இருநூற்றுப் பதினொன்று எரிந்தன.

உறங்கும் வரிசையில், இடமிருந்து நான்காவது, இல்லை.
உள்ளே எங்கோ ஓர் இழை நழுவியிருந்தது.
குலுக்கிப் பார்த்தோம்.
விரலால் சுண்டிப் பார்த்தோம்.
நான் கெட்ட வார்த்தை சொன்னேன்.
வெட்டித் திறந்துவிடலாம்,
மெல்லிய ரம்பம் ஒன்று வரவழைக்கிறேன் என்றேன்.
அவள் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள்.
"இருக்கட்டும்" என்றாளா,
"இருக்கட்டுமே" என்றாளா,
கதவு சாத்தின சத்தத்தில் கேட்கவில்லை.

புத்தாண்டுக்கு அடுத்த வாரம்,
என் பையில் என் விலாசத்துக்கே ஒரு பொட்டலம்.
காலை பதினொரு மணி, நடுச்சாமம்போல.
எங்கள் குடியிருப்பில் ஜன்னலுக்கு ஜன்னல்
காகித நட்சத்திரங்கள், ஏழு முனை விளக்குகள்,
யாரும் இன்னும் இறக்கவில்லை.
மூன்றாம் மாடியில் ஒன்று மட்டும் கறுப்பு.
இரண்டு கை பூசியதுபோலக்
கசிவில்லாத கறுப்பு.

கீழே நின்று
இடமிருந்து எண்ணினேன்.

உள்ளே அவள் இருப்பாள்,
டீசல் வாசனை போகாத தலைமுடியோடு,
ஒரு கை கட்டிலுக்கு வெளியே.

மற்றவர்களின் கடிதங்களைப் போட்டேன்.
தபால் பெட்டிகளின் மூடி அடித்துக்கொள்ளாமல்
ஒவ்வொன்றையும் விரலால் பிடித்து மூடினேன்.
ரம்பம் பையிலேயே கிடந்தது,
அன்றைக்கும்,
அதற்கடுத்த நாளும்.